எல்லாருக்கும் சளிதான்

நேற்று இங்கே பினாங்கில், புதுக் கிளினிக் ஒன்றில் கவுண்டர்ப் பெண் மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள். "செல்வி! டிப்ரஷன் மாத்திரை, ராத்திரி ஒன்னு. தலை சுத்துனா பயப்படாதீங்க!" பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அதில் ஒன்று செல்வியின் ஃபேக்டரி சூப்பர்வைசரின் மனைவி.

செல்வி என் பக்கத்து வீட்டுப் பெண். நிஜப் பெயர் வேறு. அதையும் நான் சொல்லிவிட்டால் கவுண்டர்க்காரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கெஞ்சிக் கூத்தாடி நான்தான் அவளைக் கூட்டிப் போயிருந்தேன். மருந்தை வாங்காமலே வெளியே போய்விட்டாள்.

"கொஞ்சம் மெதுவா சொல்லக்கூடாதாம்மா?" என்றேன்.

"எல்லாம் நம்ம ஆளுங்கதானே லா, ஆன்ட்டி."

நம்ம ஆளுங்க என்பதுதானடி பிரச்சினையே!

அங்கே அடித்த ஸ்பிரிட் வாடையில் நான் முன்பு வேலை பார்த்த கிளினிக் நினைவுக்கு வந்தது. சுங்கை பினாங் அடுக்குமாடிச் சனமெல்லாம் அங்கேதான் வரும். நர்ஸைக் கூப்பிடுவதுபோல என்னை மிஸ்ஸி என்பார்கள். மருந்து கட்டிக் கொடுக்கும் வேலைதான்; ஆனால் நடையில் நான் பாதி டாக்டர்.

டாக்டருக்கு ஒரு பழக்கம். கவுண்டரில் மருந்து கொடுக்க விடமாட்டார். உள்ளே கொண்டுவரச் சொல்லி, தானே விளக்கிக் கொடுப்பார். பிறகு கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வெறும் சளிதான். சுடுதண்ணி குடிங்க" என்பார். மூலமோ, கருச்சிதைவோ, சொல்லக் கூசுகிற வேறு எதுவோ, வெளியே வருகிறவருக்குச் சளிதான். "இந்த டாக்டருக்குச் சளிய விட்டா ஒரு எழவும் தெரியாது" என்று பெஞ்சு சிரிக்கும். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

ஒரு மாமியார் வந்து, "மருமவளுக்கு என்னா சீக்கு? டாக்டர் ஃபீஸுக்கு நான்தானே வெள்ளி குடுக்குறேன்" என்று மேசையைத் தட்டினாள்.

"உங்களுக்கு என்னா செய்யுது, அதச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அவள் எழுந்து போனபோது அவளுக்கும் சளி என்று ஊருக்கு அறிவித்தார்.

அந்தக் கிளினிக் இருந்த கடைவீடு இப்போது சுற்றுலாக்காரர்களுக்கான காப்பிக்கடை. கட்டடம் போனால் போகட்டும். புதுக் கிளினிக்கில் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் உண்டு, 'உங்கள் தகவல் பாதுகாக்கப்படும்' என்று சுவரில் பலகையும் உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட வேண்டாம் தாயே, நீயே எடுத்து ஊட்டாதே!

இன்று அந்த மருந்தை நானே போய்க் கேட்டேன். நீங்கள் யார் என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். செல்வியின் கதவைத் தட்டினேன். சங்கிலி அளவுக்குத்தான் திறந்தாள். பையை வாங்கவில்லை.

"எனக்கு ஒன்னும் இல்லக்கா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எங்கள் டாக்டரிடம் யாரும் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.