சுவரில் ஏறாத சான்றிதழ்

போன வாரம் என் வீட்டில், என் அறையிலிருந்து, என்னையே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் மகள் ஹரிணி ஏதோ கம்ப்யூட்டர் பரீட்சை எழுத மேடவாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தாள். ஹாஸ்டலில் நெட் சரியில்லையாம். லேப்டாப்பிலிருந்து, பரீட்சையைக் கண்காணிக்கிற ஒரு குரல், மேஜைக்கு அடியில் காட்டு, காதைக் காட்டு, சுவரில் இருக்கும் காலண்டரைக் கழற்று என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தது. பிள்ளைக்குத் தொண்டை வறளுமே என்று தண்ணீர் கொண்டுபோனேன். அது யார், ஏன் உள்ளே வந்தார் என்று குரல் இங்கிலீஷில் அதட்டியது. "அத்தை, ப்ளீஸ், போயிடுங்க!" என்றாள் ஹரிணி அழாக்குறையாக. சொம்பும் கையுமாக ஹாலில் வந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே தண்ணி லாரிக்காரர் மோட்டாரைப் போட்டார். இதற்கும் சந்தேகப்படுவார்களோ என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் எப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணி என்று உங்களுக்குத்தான் தெரியுமே. தேதியைப் பார்க்காமல் பால் பாக்கெட்டைப் பிரிக்க மாட்டேன். "ஏறுங்க மேடம், உடனே கெளம்பிடும்" என்று எந்த ஷேர் ஆட்டோக்காரர் சொன்னாலும் உள்ளே எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். பிறவிக் குணம் என்பார் என் வீட்டுக்காரர். அபாண்டம். அது நான் பீஸ் கட்டிப் படித்து வாங்கிய குணம். மேற்குத் தாம்பரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில்.

பேக்கரி என்றதும் இப்போதும் மூக்கில் முதலில் ஏறுவது பன் வாசனை. படியேறும்போது வெண்ணெயும் வெனிலாவும் மணக்கும். கதவைத் திறந்ததும் ஈரக் கார்ப்பெட்டும் பழைய ஏ.சி.யும் சேர்ந்து அடிக்கும். அதுதான் எங்கள் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தாம்பரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் 'நூறு சதவீதம் வேலை' என்று போர்டு தொங்கிய காலம். அந்த நூறு சதவீதத்தை நான் அன்றைக்கே நம்பவில்லை. நம்பாமலேயே சேர்ந்தேன். வேறு வழி இல்லை.

அப்போது எனக்குத் திருமுடிவாக்கத்தில் வேலை. இரும்புத் தகடு வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆபீஸில் பில் அடிக்கும் உத்தியோகம். ஆபீஸ் வேலையை மொத்தமாக ஆடிட்டரிடம் கொடுத்துவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். தீபாவளி வரைக்கும் வந்துபோகலாம், அவ்வளவுதான். பழைய மகாபலிபுரம் ரோட்டில், அதுதான் ஓ.எம்.ஆரில், ஒரு கம்பெனி, வெப்சைட்டுக்குப் பின்னால் சர்வரில் ஓடும் புரோகிராம் எழுத ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. என்னைப் போல அனுபவம் இல்லாதவர்கள் என்றால் அதற்கான சர்டிபிகேஷன் பரீட்சையில் பாஸாகியிருக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்குக் கட்டணம் ஒரு தடவை கட்டவே வீட்டில் மூச்சு முட்டியது. தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

பரீட்சை எப்படிப்பட்டது என்கிறீர்கள்? அயோக்கியப் பரீட்சை. ஒரு பக்கம் முழுக்க புரோகிராம் கொடுத்திருப்பார்கள். என்ன விடை வரும் என்று கேட்பார்கள். நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கணக்குப் போடுவீர்கள். கடைசியில் பார்த்தால் நடுவில் எங்கோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். அந்த புரோகிராம் ஓடவே ஓடாது, அதுதான் விடை. "கேள்வியையே நம்பாதீங்கம்மா" என்பார் எங்கள் சார். பேர் ரகு. முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார், இரண்டும் எழுதாது.

கூடப் படித்தவள் ஸ்டெல்லா. கிழக்குத் தாம்பரம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். நானும் அவளும் சார் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டோம். கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட் எதைப் பார்த்தாலும் எங்கே தப்பு என்று கண் தேடும். "சர்ச்ல ஆமென் சொல்லாம ஜெபத்த முடிச்சா, டேக்கை மூடாம விட்ட மாதிரி இருக்குடி" என்பாள். வெப்சைட் பக்கம் எழுதும்போது திறக்கிற குறிக்குப் பேர் டேக்; அதை மூடாவிட்டால் பக்கமே கோணலாகிவிடும் காலம் அது. இப்படி ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, மிச்சம் இருந்தவர் ரகு சார்தான்.

கிளாஸ் சுவரில் பாஸானவர்களின் சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு வரிசையாகத் தொங்கும். சாருடையது மட்டும் இல்லை.

"நீ வேணா பாரு, இவரு எழுதவே இல்ல" என்றாள் ஸ்டெல்லா.

"எழுதாமலா சொல்லித் தர்றாரு?"

"ஏன்டி, நீச்சல் தெரியாதவன் கரையில நின்னு கத்துறதில்லையா?"

எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் கிளாஸில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேவிட்டேன், "சார், நீங்க எவ்ளோ ஸ்கோர்?"

சார் டஸ்டரை எடுத்து ஏற்கெனவே அழித்த இடத்தை இன்னொரு தடவை அழித்தார். "நம்பரா முக்கியம்? கான்செப்ட்தாம்மா முக்கியம்" என்றார். ஸ்டெல்லா பெஞ்சுக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

கீழே பேக்கரி அண்ணன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "உங்க சாரா? காலைல நான் ஷட்டர் தூக்கும்போதே மேல லைட்டு எரிஞ்சிகினு கீது மேடம். தனியா குந்திகினு அவரே படிச்சிகினு கீறாரு. இன்னா பரீட்சையோ!" என்றார். சொல்லித்தருகிற ஆள் யாருக்கும் தெரியாமல் படிக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ரஸ்க்கைக் கடித்தபடி அதைத்தான் பேசிக்கொண்டே ஸ்டேஷன் வரை நடந்தோம்.

எங்கள் பயத்துக்குக் காரணம் ஒரு கேள்வி. நீங்கள் ஒரு வெப்சைட்டில் நுழைந்துவிட்டு எதையும் தொடாமல் சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் சர்வர் உங்களை மறந்துவிடும். திரும்ப பாஸ்வேர்டு கேட்கும். அதுவரைக்கும் நீங்கள் உள்ளே இருக்கிற நேரத்துக்கு செஷன் என்று பேர். எவ்வளவு நேரத்தில் மறக்க வேண்டும் என்பதை இரண்டு இடத்தில் எழுதலாம். செட்டிங்ஸ் ஃபைலில் முப்பது என்று எழுதினால் முப்பது நிமிடம். புரோகிராமுக்குள் முப்பது என்று எழுதினால்? அதுவும் நிமிடம்தான் என்றார் சார். நான் பழைய புத்தகக் கடையில் வாங்கின தடிப் புத்தகம் நொடி என்றது. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். ஓட்டினோமே! ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கம் செத்துவிட்டது. பார்த்தால், சர்வரே ஹேங் ஆகிக் கிடந்தது. அது தினம் ஹேங் ஆகும். எங்களை மறந்ததா, மயக்கம் போட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பரீட்சை அன்று அடையாறு பக்கம் இருந்த சென்டருக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லாவுக்கு அடுத்த வாரம்தான். வாட்ச், பர்ஸ் எல்லாம் வாங்கி லாக்கரில் வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், எதிர் நாற்காலியில் தலையில் எண்ணெய் பளபளக்க ரகு சார்! பையிலிருந்த இரண்டு பேனாவையும் காவலாளியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க...?"

"சும்மாம்மா. ரெனியூ பண்ண வந்தேன்."

அந்தப் பரீட்சைக்கு ரெனியூவல் என்று ஒன்று கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்தது. என் வேலை, என் ஒரே ஒரு வாய்ப்பு, எல்லாவற்றையும் கொண்டுபோய் இந்த ஆளிடம் கொடுத்தேனே! பாவி மனுஷா என்று மனசுக்குள் வைதுகொண்டே உள்ளே போனேன்.

அந்தக் கேள்வி வந்தது. புரோகிராமுக்குள் ஒரு எண். எவ்வளவு நேரத்தில் மறக்கும்? நிமிடம் ஒரு விடை, நொடி ஒரு விடை. சாரின் எண்ணெய்த் தலையை ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். நொடியைக் க்ளிக் செய்தேன்.

பாஸ். பெரிய ஸ்கோர் இல்லை, ஒன்றிரண்டு போயிருந்தால் கவிழ்ந்திருப்பேன். சென்டர்க்காரர் பிரிண்ட் எடுத்துச் சீல் குத்திக் கொடுத்தார். வெளியே பஸ் ஸ்டாப்பில் சார் நின்றிருந்தார். அவர் தாள் நாலாக மடிந்து பைக்குள் இருந்தது.

"அந்த செஷன் கேள்விக்கு என்னம்மா போட்டீங்க?"

"செகண்ட், சார். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

அவர் முகம் விழுந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. "நான் நிமிஷம் போட்டேன்" என்றார்.

சொன்னால் நம்புங்கள், அந்த நிமிடம் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எங்களை ஏமாற்ற ஒன்று, தனக்கு ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு என்ன சொன்னாரோ அதையே தானும் எழுதிவிட்டு வந்து நிற்கிறார்.

"ஃபெயிலானா எப்படி கிளாஸ் எடுக்கிறதுன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேம்மா. நீங்க அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களா, சரி, எழுதிடுவோம்னு வந்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "ஃபெயில்னு ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். பஸ் வந்தது, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து வந்தோம்.

மறுநாள் கிளாஸில் சார் முதல் வேலையாக போர்டில் அந்த வரியை எழுதினார். "இது நிமிஷம் இல்ல, செகண்ட். நான் தப்பா சொல்லிட்டேன். திருத்திக்குங்க."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். "இவருக்கு யாருடி சொன்னா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நேத்து சென்டர்ல என்னமோ நடந்திருக்கு."

அடுத்த வாரம் அவளும் பாஸ். நொடிதான் போட்டாளாம். எங்கள் இரண்டு சான்றிதழும் சுவரில் ஏறின. எனக்கு ஓ.எம்.ஆர். வேலை கிடைத்தது, கம்பெனி பஸ்ஸில் போகிற உத்தியோகம்.

ஒரு வருஷம் கழித்து இருக்கும். தாம்பரம் ஸ்டேஷனில், பீச் போகும் மின்சார ரயிலுக்காக நின்றபோது யாரோ கூப்பிட்டார்கள். ரகு சார். பையைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் சான்றிதழ். மறுபடி எழுதிப் பாஸாகியிருக்கிறார். என்னைவிட எவ்வளவோ அதிக ஸ்கோராம், அதையும் சொன்னார்.

"சூப்பர் சார்! இன்னும் ஏன் மாட்டல?"

சார் கவரின் கீழ் மூலையில் விரலை வைத்தார். "தேதி இருக்கேம்மா. செவுத்துல இருக்கிற எல்லாருக்கும் அப்புறம் இல்ல வருது, இது?"

அவர் சொல்லிக்கொடுத்து பாஸானவர்கள் அத்தனை பேரும் அவருக்கு முன்னால் இருந்தார்கள். வண்டி வந்ததும் கவரை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, "ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாதீங்க" என்று சிரித்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். பேக்கரியும் போய் பிரியாணிக் கடை வந்துவிட்டது. அந்தப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்களாம். சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறவரும் இல்லை. ஒரு லிங்க்கைத் தட்டினால் யார், எப்போது, எத்தனை மார்க் என்று உலகத்துக்கே காட்டிவிடுகிறது. ஹரிணி பரீட்சை முடித்து வெளியே வருவதற்குள் நான் கனடாவிலிருக்கும் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். என் சொந்த வீட்டில் என்னைச் சந்தேகப்பட்ட கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லு. நம்ம சார் கடைசி வரைக்கும் அந்தப் பரீட்சைய எழுதவே இல்லல்ல?"

இத்தனை வருஷம் அவர் ரகசியத்தைக் காப்பாற்றியாயிற்று. இனி யார் வேலை போகப்போகிறது? "எழுதினார்டி. பாஸும் பண்ணார். சர்டிபிகேட்டை நானே பார்த்தேன்" என்றேன்.

"போடி, பொய் சொல்ற" என்றாள் ஸ்டெல்லா. "எழுதியிருந்தா செவுத்துல மாட்டியிருக்க மாட்டாரா?"