பன்னிரண்டாவது ராக்கர்

மூங்கில் குச்சியின் ஒரு நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, மறுநுனியைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் இஷ்தியாக் அகமது. இப்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. உள்ளே எது முனகுகிறது, எது முட்டுகிறது என்று பல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் குச்சியை லுங்கியில் துடைத்துக் கூரை இடுக்கில் செருகுவார். அதை வேறு யாரும் தொட்டதில்லை; தொட விட்டதுமில்லை.

ஆம்பூரில் பெங்களூர் ரோட்டோரம், இரண்டு தோல் கிடங்குகளுக்கு நடுவே இருக்கிறது அவருடைய தகர ஷெட். சின்ன வயசில் தோல் பதனிடும் டேனரியில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். மோட்டார் கார்கள் ஊருக்குள் வந்ததும் இந்தப் பக்கம் தாவினார். முப்பது வருஷத் தோல் வாடையில் மூக்கு செத்துப்போய்விட்டதாம். "மூக்கு போனா இன்னா, பல்லு இருக்குதே" என்பார்.

அவருடைய தொப்பிக்குள் விரல் அகலத்தில் ஒரு ஆட்டுத்தோல் துண்டு எப்போதும் இருக்கும். சீவிச் சீவி வெற்றிலை கனத்துக்குக் கொண்டுவந்தது. எஞ்சினில் வால்வுக்கு மேலே விடவேண்டிய மயிரிழை இடைவெளியை மற்ற மெக்கானிக்குகள் இரும்புத் தகட்டை விட்டு அளப்பார்கள். இவர் இந்தத் தோலை விட்டு இழுத்துப் பார்ப்பார். தோல் நசுங்குமே, அளவு தப்புமே என்று கேட்டால், "நசுங்கறது தோலுக்குத் தெரியும். எவ்ளோ நசுங்குதுன்னு எனுக்குத் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார். அளவு தப்பியதும் இல்லை.

இத்தனை கைத்திறன் உள்ள மனுஷருக்கு ஒரே ஒரு சீக்கு. பிறத்தியாரைப் புகழ்ந்தால் வயிறு எரியும். மனைவி பில்கிஸ் ஒருமுறை தன் தங்கை வீட்டுப் பிரியாணியை மெச்சிவிட்டாள். இரண்டு வாரம் வீட்டுக்குக் கறியே வரவில்லை. "அவரு எதுர்ல நிலாவக்கூட நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாது சௌந்தரம்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள் பில்கிஸ். "இது இன்னா நிலா, நேத்து இதவிடப் பெருசா இருந்துச்சேம்பாரு."

இந்தக் கோடையில் அந்த வயிற்றெரிச்சலுக்குப் பெரிய தீனி கிடைத்தது.

டேனரி முதலாளி நயீம் அகமது சாயபுவின் ஆறு சிலிண்டர் அமெரிக்கக் கார், வாங்கிய நாளிலிருந்து ஆறு வருஷமாக இஷ்தியாக்கின் கையில்தான் இருக்கிறது. கார் சாயபுவுடையது என்று யாராவது நினைவுபடுத்தினால் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். வாணியம்பாடியில் சாயபுவின் சித்தப்பா மகன் மக்பூல் அகமது ஒரு புதுக் காரை வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ரோட்டில் சாயபுவை முந்திக்கொண்டு ஹாரன் அடித்துப் போக ஆரம்பித்தார். சாயபுவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் சுந்தரமூர்த்தி என்று ஒரு லேத் பட்டறைக்காரர் இருப்பதாகவும், அவர் செய்யும் ராக்கரைப் போட்டால் வண்டி பறக்கும் என்றும் யாரோ அவர் காதில் ஓதினார்கள்.

ராக்கர் என்பது எஞ்சினின் தலையில் கிணற்று ஏற்றம் மாதிரி மேலும் கீழும் ஆடும் ஒரு சின்ன இரும்புக் கை. ஒரு பக்கத்தை அடியிலிருந்து வரும் கம்பி தூக்கும்; மறுபக்கம் வால்வை அமுக்கித் திறக்கும். வால்வுக்கு ஒன்றாக அந்தக் காருக்குப் பன்னிரண்டு. சுந்தரமூர்த்தியின் ராக்கரில் வால்வுப் பக்கத்து மூக்கு கொஞ்சம் நீளம். அதனால் வால்வு கூடுதலாகத் திறக்கும், எஞ்சின் நன்றாக மூச்சு வாங்கும். வயிற்றுப் பக்கம் இரும்பைக் குடைந்து கனத்தையும் குறைத்திருந்தார்.

மரப்பெட்டி ஒன்றில் பன்னிரண்டும் வந்து இறங்கின. "நீயே மாட்டு இஷ்தியாக்" என்றார் சாயபு. "நல்லா வந்துச்சின்னா இனிமே வண்டிய ராணிப்பேட்டைக்கே விட்டுடலாம்னு இருக்கேன்."

சாயபு ஊர்ச்செய்தி சொல்வதுபோல்தான் சொன்னார். இஷ்தியாக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் கடைக்கோடிக்குப் போனார்.

பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் குற்றம் தேடினார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் சுரண்டினார், நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தார். மூக்கின்மேல் அரத்தை வைத்து இழுத்தால் அரம்தான் வழுக்கியது. "இன்னா போட்டு இத இப்பிடி இறுக்கினான்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பெட்டியைக் கொண்டுவந்துவிட்டு அங்கேயே நின்றிருந்த சாயபுவின் டிரைவர் பதில் சொன்னான். "தோல் துண்டுதான் பாய். இரும்புப் பொட்டில துண்டா அடைச்சி, நடுவுல ராக்கர வெச்சி, அர நாளு நெருப்புல போட்டுடுவாராம். தோல் கரி ஏறி இரும்பு வைரமாய்டுதாம். நம்ம ஆம்பூர்த் துண்டுதான், மூட்ட மூட்டையா வாங்கினு போறாரு."

இதுதான் அவரை அடித்துப்போட்டது. பிறந்த நாளிலிருந்து காலில் மிதித்து நடந்த குப்பை. ஷெட்டு வாசலில் குவிந்து கிடப்பது. அதற்குள் இருந்த வித்தையை எங்கிருந்தோ ஒருவன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்று பில்கிஸ் வைத்த சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் மாட்டினார். பதினோரு ராக்கருக்கும் தோலை விட்டு இழுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அளவு வைத்தார். மத்தியானத் தொழுகைக்குப் போய் வந்தவர், கடைசி ராக்கருக்கும் அதே அளவை வைத்தார். பிறகு அதன் இடைவெளித் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி நட்டை இறுக்கினார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, சத்தம் மட்டும் கேட்கும்.

கேட்டது. மின்னூர் வரை பறந்துபோய்த் திரும்பிய சாயபு முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். "வேகம் ஜாஸ்திதான். ஆனா இந்த டக்குடக்கு ஒரே பேஜாரா இருக்கே."

"நான் இன்னா சாப் பண்றது? சாமான் அப்பிடி. பழசையே மாட்டிடலாம்" என்றார் இஷ்தியாக். சொல்லும்போது நாக்கில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. சாயபு அவசரப்படவில்லை, ராணிப்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்.

காலை ரயிலில் வந்து இறங்கினார் சுந்தரமூர்த்தி. ஒடிசலான ஆள், மெல்லிய குரல். எஞ்சினை ஓடவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, எண்ணெய் தெறிக்கத் தெறிக்க ஒவ்வொரு ராக்கருக்கும் இரும்புத் தகட்டை விட்டுப் பார்த்தார். பதினொன்று கச்சிதம்; பன்னிரண்டாவதில் மட்டும் தகடு தொளதொளவென்று ஆடியது. நிமிர்ந்தார்.

"பாய், எத விட்டு அளந்தீங்க?"

இஷ்தியாக் தொப்பிக்குள்ளிருந்து தோல் துண்டை எடுத்து வேண்டாவெறுப்பாக நீட்டினார். சுந்தரமூர்த்தி அதை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாயபுவின் பக்கம் திரும்பினார்.

"பதினொண்ணும் மயிரு பிசகல சாப். வெறும் தோல வெச்சி இந்த அளவு என்னால முடியாது. இவ்ளோ கைசுத்தமான ஆளு ஒண்ணே ஒண்ணுல தப்பு விடமாட்டாரு. அது என் ராக்கரு தப்பாத்தான் இருக்கும். கழட்டிக் குடுங்க, வேற செஞ்சி எடுத்துனு வர்றேன்."

சாயபு தலையாட்டினார். இஷ்தியாக் நினைத்தது நடந்துவிட்டது. பழி ராணிப்பேட்டைக்காரன் தலையில், அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கார் கையைவிட்டுப் போகாது.

ஆனால் சுந்தரமூர்த்தியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க இஷ்தியாக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் கரி வித்தைதான் அவனுடையது, வேகமும் அவனுடையது. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கா? தான் செய்த தப்பைக்கூட இவன் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போவானா?

"நவுரு" என்றார்.

இடதுகையில் ஸ்பேனர், வலதுகையில் திருப்புளி. ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டாவது ராக்கரின் நட்டைத் தளர்த்தினார். அளவு பார்க்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. திருகைக் கால் சுற்று உள்ளே திருப்பி நட்டை இறுக்கினார். டக்குடக்கு நின்றுபோய், எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

சாயபு இஷ்தியாக்கையே பார்த்தார். சுந்தரமூர்த்தியும் பார்த்தார். இஷ்தியாக் யாரையும் பார்க்கவில்லை. சுந்தரமூர்த்தியின் விரலிடுக்கில் இருந்த தோல் துண்டை வெடுக்கென்று உருவித் தம் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.