முதலாளி இல்லாத நெட்வொர்க்

மட்டாஞ்சேரியில் தெரு கூட்டும் என் பக்கத்து வீட்டு முப்பிடாதிக்கு அன்றாடம் எந்தத் தெரு என்பது போனில்தான் வரும். சூப்பர்வைசர் சிஜு, "யார் வேணா சொந்தமா சர்வர் வச்சு இதுல இணையலாம், இந்த நெட்வொர்க்குக்கு முதலாளியே இல்லை" என்று சொல்லி, தெரு கூட்டும் நாற்பது பேரையும் தான் நடத்தும் சர்வரில் சேர்த்திருந்தான். கையுறை தரவில்லை என்று அவள் அதில் எழுதினாள். மறுநாள் கணக்கைக் காணோம், வேலையும் வரவில்லை.

அவனைச் சாயாக்கடையில் பிடித்தேன்.

"மொதலாளி இல்லேன்னியே, பொறவு அவளத் தள்ளுனது யாருலே?"

"வேற சர்வர்ல சேரட்டும் அம்மே. அங்கேர்ந்தும் இவங்களோட பேசலாம்."

சேர்ந்தாள். அங்கிருந்து எதுவும் தன் சர்வருக்கு வராதபடி அவன் அடைத்துவிட்டான்.

மற்ற பெண்களிடம் போனேன். "எல்லாரும் அவ சேந்த சர்வருக்கே மாறிருங்கட்டி."

"நாளைக்கு வேலை சிஜுகிட்டேருந்துதானே வரும், ஆச்சி?" என்றாள் செல்வலட்சுமி.

ஒருத்தியும் மாறவில்லை. முப்பிடாதி இப்போது கலூரில் ஓட்டல் பாத்திரம் கழுவுகிறாள். பஸ்ஸில் அவளைக் கண்டால், வெட்கங்கெட்டவர்கள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.