பிராங்கிளின் பார்க்காத பாதி

வெள்ளிக்கிழமை எத்தனை படம் வந்தாலும், திண்டுக்கல்லில் பாதிப் பேர் பிராங்கிளின் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் அவர் பூட்டுக் கடையில் விற்பனைக்கு நிற்பார். வெள்ளிக்கிழமை மட்டும் விடுப்பு. ஒவ்வொரு படமும் முடிந்த கையோடு தியேட்டர் வாசலில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பேசி, யூடியூபில் போட்டுவிடுவார். மாதா கோயிலில் வாசகம் படித்துத் தேறிய குரல். சென்னை விமர்சகர்களே அவர் வாயிலிருந்து விழும் வரியைப் பொறுக்கிக்கொள்வதுண்டு.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று படங்கள். பரீட்சைக் காலம், பெரிய படங்களெல்லாம் சித்திரைக்குக் காத்துக் கிடக்க, சின்னப் படங்களைக் கொண்டுவந்து தள்ளுகிற நேரம். காலையில் பேய்ப் படம்: "பேய் நல்லா நடிச்சிருக்கு, மனுசங்கதான் நடிக்கல. ஆனாலும் ஒரு தடவ போகலாம்." அடுத்தது போலீஸ் படம்: "ஹீரோ சட்டை கடைசி வரைக்கும் கசங்கல. கதைதான் கசங்கிப் போச்சு."

மூன்றாவது, 'கல்மதகு'. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் தமிழ்மதியின் முதல் படம். இடைவேளை விட்டபோது பிராங்கிளின் கடிகாரத்தைப் பார்த்தார். தவக்காலத்து வெள்ளி. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகளையும் அவர்தான் படிக்க வேண்டும். நோன்பு நாளில் சினிமாவுக்குப் போகிறவன் வாசகம் படிக்கலாமா என்று கோயில் சனங்களிடம் ஏற்கெனவே முணுமுணுப்பு. தாமதமாகப் போனால் அந்த இடமும் போய்விடும். வண்டியைக் கிளப்புமுன் அவசரமாகப் பேசிவிட்டுப் போனார்: "முதல் பாதி ஆமை. ரெண்டாவது பாதி, அந்த ஆமையக் கல்லுல கட்டிப் போட்ட மாதிரி."

ஊரே சிரித்தது. ராத்திரிக்குள் எல்லா விமர்சனத்திலும் 'இரண்டாம் பாதி இழுவை' என்று வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"அண்ணே, தமிழ்மதி பேசுறேன். கல்மதகு டைரக்டர்."

திட்டு வாங்கத் தயாராக பிராங்கிளின் கடைக்கு வெளியே வந்தார். திட்டு வரவில்லை.

"கோவமெல்லாம் இல்லண்ணே. இருபது நிமிசத்த வெட்டி, சாயங்காலத்துக்குள்ள அனுப்பச் சொல்லிட்டாரு புரொடியூசர். இல்லன்னா படத்தையே தூக்கிருவாங்களாம். பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. நீங்க நம்ம ஊர்க்காரரு. ரெண்டாவது பாதியில எங்க இழுக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அங்க கத்திய வச்சிருறேன்."

பார்க்கவில்லை தாயி என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இத்தனை வருஷம் சேர்த்த பேர் கண் முன்னால் நின்றது.

"செத்த நேரம் குடும்மா. யோசிச்சுக் கூப்புடுறேன்."

மத்தியான ஆட்டத்துக்குத் தியேட்டருக்கு ஓடினார். மேனேஜர் நாசர் வாசலிலேயே மறித்தார்.

"உன் புண்ணியத்துல மூணே பேருதான் வந்திருக்கான். பத்துத் தல இல்லாம ஆட்டம் கிடையாது."

"மிச்ச டிக்கெட்ட நானே எடுத்துக்கிறேன் பாய்."

"டிக்கெட்டா படம் பாக்கும்? முதலாளி வீட்டுல உக்காந்து கேமராவுல தலைய எண்ணுவாரு. தலையக் கொண்டா அப்பு."

பாடகர் குழு ரொனால்டைக் கூப்பிட்டார். "ஏலே, நரகத்துக்குத் தொணைக்கு ஆள் தேடுறியா?" என்று ரொனால்டு சிரித்தான். "தவக்காலத்துல சினிமாவா? அதுவும் நீயே கல்லக் கட்டிவிட்ட படத்துக்கு!"

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முன்பின் தெரியாதவர்களைக் கெஞ்சினார். படத்தின் பேரைக் கேட்டதும் "அய்யய்யோ, ஆமைப் படமா?" என்று அவர் வரியையே அவரிடம் சொல்லிக் காட்டினார்கள். கடைசியில் சிக்கியவர்கள், வாழைத்தார் விற்றுவிட்டு சிறுமலை பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் கிடந்த ஏழெட்டுப் பேர். அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

"படம் பாக்க வேணாம் தாயி. ஏசியில தூங்குங்க, போதும்."

"தூங்குறதுக்குக் கூலியும் குடுப்பீகளோ?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி கூடையைத் தூக்கினாள்.

ஆட்டம் தொடங்கவே நேரமாகிவிட்டது. பழக்கதோஷம், போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். மலைக்காரர்கள் முதல் பாட்டிலேயே குறட்டை.

இடைவேளைக்குப் பிறகுதான் அந்தக் காட்சி வந்தது. அணையில் மதகு திறக்கிறவர், செத்துப்போன மனைவியின் சேலையைத் தண்ணீரில் அலசுகிறார். பேச்சில்லை, இசையில்லை. பிழிகிறார், உதறுகிறார், மறுபடி நனைக்கிறார். காயப்போட்டால் காய்ந்துவிடும். காய்ந்தால் மடித்து வைத்துவிட வேண்டும். அதனால் திரும்பத் திரும்ப நனைக்கிறார். கூடைக்காரி எப்போது விழித்தாளோ, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் மெல்லக் குனிந்தார். "அது எங்க வீட்டுக்காரி சேல தம்பி. அவ போயி மூணு வருசமாச்சு. இந்தப் படத்த எடுத்த எம் மக கேட்டுச்சு, எடுத்துக் குடுத்தேன். நான் ராமர், ஆத்தூர்ல பூ வெவசாயம். நேத்துலருந்து ஒரு ஆட்டம் விடல."

படம் முடிந்ததும் பிராங்கிளின் வெளியே பாய்ந்து போனை எடுத்தார். தமிழ்மதியிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. கூப்பிட்டார்.

"வெட்டாதம்மா! எதையும் வெட்டாத!"

"அனுப்பிட்டேனேண்ணே." குரல் களைத்திருந்தது. "உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், எடுக்கல. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு, இருக்குறதுலயே மெதுவான சீனத் தூக்கிட்டேன். சேல அலசுறது. நாளையிலருந்து எல்லாத் தியேட்டர்லயும் புதுக் காப்பிதான்."

"தமிழ்மதி, நான் ரெண்டாவது பாதியே பாக்கல. கோயிலுக்கு நேரமாச்சுன்னு இடைவேளையில எந்திரிச்சுப் போயிட்டேன். இப்பத்தாம்மா பாத்தேன்."



"அப்ப மத்தவங்களும் பாக்காமத்தான் எழுதுனாங்களாண்ணே?"

கேட்ட கையோடு தமிழ்மதி போனை வைத்துவிட்டாள்.

மலைக்காரர்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ராமர் துண்டை உதறித் தோளில் போட்டபடி படியிறங்கி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு.

"யாரோ ஒரு வீணாப்போனவன் படம் நல்லால்லன்னு சொல்லிட்டானாம், அதான் கூட்டமில்ல. போகட்டும். நாளைக்கு என் கொழுந்தியாளக் கூட்டிட்டு வாரேன். அவ அக்கா சேலைய அவளும் பாக்கணும்ல?"

பிராங்கிளின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அந்த வீணாப்போனவன் நான்தான். செத்த உக்காருங்க. நாளைக்கு அவுகளக் கூட்டிட்டு வர வேணாம்."