பத்தாவது சைக்கிள்

எழுபதுகளில் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சைக்கிள் நான்கு. சுவரில் 'பொங்கலுக்குள் பத்து' என்று எழுதியிருந்தேன். ஊர்க்காரர்களுக்குப் பயந்து இருளர்களுக்கு மட்டும் வாடகைக்குத் தரமாட்டேன்.

ஒருநாள் இருளர் குடிசையிலிருந்து மாரி வந்தார். "கொயந்திக்கு ஜொரம்ணா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்."

நான்கும் சும்மா நின்றன. இல்லை என்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்.

நல்லவேளை, குழந்தை பிழைத்தது. மறுநாள் நானே அவர் குடிசைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அவன் ஏறுன வண்டிய நாங்க தொடமாட்டோம்" என்றார் பெரிய நிலக்காரர்.

"தொடாதீங்க. கடை இங்கதான் கீது" என்றேன்.

பொங்கலுக்கும் நான்குதான். சுவரில் 'பொங்கலுக்குள்' என்பதை மட்டும் அழித்தேன், பத்தை விட்டுவைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து வந்த பத்தாவது சைக்கிளை முதலில் எடுத்தவர் மாரி. ஊர்த்தெரு நடுவே மணியடித்துக்கொண்டே போனார். எனக்கோ, அன்று அவர் நடந்துபோன முதுகுதான் கண்ணில் நின்றது.