வீட்டை நான்கு அடி தூக்கியபோது

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குச் சாலை போடும்போதெல்லாம் எங்கள் வீடு ஒரு படி இறங்கும். குடிவந்த புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வந்தோம். பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கடைசியாகத் தார் போட்ட பிறகு, வீட்டுக்குள் வர ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைப் போடுவதற்கும் ஒரு நடைமுறை இருக்கும். நான் பார்க்காத நடைமுறை அது ஒன்றுதான்.

அதனால் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் நேராக எங்கள் ஹாலுக்கு வரும். சென்ற முறை வந்தபோது ஃபிரிட்ஜைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் ஐந்து நாள் இருந்தோம். தண்ணீர் வடிந்து, சேற்றைக் கழுவித் தள்ளிய பிறகு அவள் ஒரு நீலப் பெட்டியில் துணிகளை அடுக்கி மூடினாள்.

"இன்னொரு தடவை ஹாலுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, நான் கோயம்புத்தூருக்குப் பொண்ணு வீட்டோட போயிடுவேன். வர்றதா இருந்தா வாங்க. இல்லைன்னா ஏரியோட குடித்தனம் பண்ணுங்க."

பெட்டி பரணுக்குப் போகவில்லை. மாடி அறையின் கதவருகிலேயே நின்றது. என் மனைவி அதிகம் அறிவிப்பவள் அல்ல. அறிவித்தவற்றில் எதையும் அவள் திரும்பப் பெற்றதாகவும் நினைவில்லை.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். பிறர் வேலை எப்போது முடியும் என்று சொல்வதே என் வேலை. ஓய்வு பெற்ற பின், பால்காரர் வரும் நேரத்தைத் தவிர, திட்டமிட எதுவும் இல்லாமல் இருந்தது. எனவே வீட்டை ஜாக்கி வைத்து நான்கு அடி தூக்கிவிடலாம் என்று முடிவானபோது எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருப்பது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. மழைக்குள் முடிக்க வேண்டும். நான்கே மாதம்!

மூன்றே நாளில் திட்டம் தயார். ஹால் சுவரில் ஓர் ஆள் நீளத்துக்குத் தாள் ஒட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை வரைந்தேன். தோண்டுதல், ஜாக்கி வைத்தல், தூக்குதல், அடியில் செங்கல் கட்டுதல், மண் நிரப்புதல், தரை போடுதல். எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அதற்குச் சிவப்பு. மற்றவற்றுக்குப் பச்சை. தனியாக இரண்டு பக்கத்தில் ஓர் ஆவணம்: முதல் பக்கத்தில் செய்யப்போகிறவை, இரண்டாம் பக்கத்தில் செய்யப்போகாதவை. இந்த இரண்டாம் பக்கம்தான் திட்டமிடலின் உயிர். நான் பார்த்த வேலைகளில் பாதி, "அப்படியே இதையும்" என்ற இரண்டு சொல்லில் செத்தவை. அதனால் தோட்டம், சுற்றுச்சுவர், வீட்டுக்கு வெளியே உள்ள எல்லா வேலைகளும் இரண்டாம் பக்கத்துக்குப் போயின. மனைவியிடம் கையெழுத்தும் வாங்கினேன். சமையலறையில் வைத்துத்தான் போட்டாள். தாளில் இன்னும் சாம்பார்ப் பொடி இருக்கிறது.

வீடு தூக்கும் மேஸ்திரி மாடம்பாக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். சுவர்த்தாளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, ரயில்வே டைம்டேபிள் மாதிரி கீது?"

"உங்க வேலைதான். ஒவ்வொரு நாளும் என்ன செய்யணும்னு இருக்கு."

"எங்க ஊரு கோயிலு சோழருங்க கட்டினது சார். அவுங்க சொவத்துல பேப்பரு ஒட்டிக்கினா கட்டுனாங்க?"

"கல்லுல எழுதி வெச்சாங்க. போய்ப் படிச்சுப் பாருங்க."

மேஸ்திரி சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

முதல் அடி மனைவியிடமிருந்து வந்தது. தினசரிக் காலண்டரை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்து என் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நீங்க ஆரம்பிக்கிறதா போட்டிருக்கிற தேதி ஆடி மூணு."

நான் ஆங்கிலத் தேதிகளை வைத்துப் பட்டை போட்டிருந்தேன். விடுமுறை, மின்தடை, சிமெண்ட் வராத நாள் எல்லாவற்றுக்கும் இடம் விட்டவன், தமிழ்நாட்டில் ஆடி என்று ஒரு மாதம் வருவதை விட்டுவிட்டேன்.

"ஆடியில நம்ம வீட்டு மேல ஒருத்தர் கை வைக்கக் கூடாது," என்றாள்.

மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, ஆடிலதான் நம்மகிட்ட ஆளே சும்மா கீது. ஆவணி பொறந்துச்சின்னா நாலு வூடு க்யூல நிக்குது. உங்களுது தீவாளிக்கு அப்பாலதான் வரும்."

தீபாவளிக்கு அப்பால் என்றால் மழை. மழை என்றால் நீலப் பெட்டி. சுவரில் இருந்த அத்தனை சிவப்புப் பட்டைகளும் என்னைப் பார்த்தன. நான் ஏதேதோ கணக்குப் போட்டேன், ஒன்றும் நேராகவில்லை.

மனைவி காலண்டரில் ஒரு தாளைப் புரட்டினாள். "ஆனி முடிய இன்னும் நாலு நாள் இருக்கு. வியாழக்கிழமை நல்ல நேரம். அதுக்குள்ள பூஜை போட்டு நாலு மூலையிலயும் ஜாக்கி வெச்சிடுங்க. அப்புறம் ஆடியில நடக்கிறது புதுசா ஆரம்பிக்கிற வேலை இல்லையே, நடந்துக்கிட்டிருக்கிற வேலைதானே?"

ஒரு மாதத் தாமதத்தை ஒரு வாக்கியத்தில் துடைத்த திட்டமிடலை என் முப்பத்தோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை. "அம்மா பேசாம எங்க கம்பெனில சேந்துடுங்க," என்றார் மேஸ்திரி.

அந்த நான்கு நாட்களைப் போல நான் ஓடியது கிடையாது. எந்த விண்ணப்பம் எந்த மேசைக்கு, எந்த மேசைக்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அனுமதிக்கும், மின்கம்பியைத் தளர்த்தவும் மும்மூன்று நகல்களோடு போனேன். நான்காவது நகல் கேட்டார்கள். அதுவும் பையில் இருந்தது! மேஸ்திரியின் ஜாக்கிகளெல்லாம் சேலையூரில் வேறொரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. கெஞ்சி நான்கை மட்டும் ஆட்டோவில் கொண்டுவந்தோம். வியாழக்கிழமை நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது நாலாவது மூலையில் ஜாக்கி உட்கார்ந்தது. மனைவி அதற்கும் குங்குமம் வைத்தாள்.

ஆடியில் சுவர்களுக்கு அடியில் தோண்டி, அஸ்திவாரத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, இரும்புச் சட்டம் செருகி, நூற்றிருபது ஜாக்கிகள் வைத்தார்கள். நடுவில் ஒரு நாள் மேஸ்திரி வாசலில் நின்று, "சார், அப்படியே முன்னால..." என்று ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். "சரி சார், உங்க இஷ்டம்," என்று போய்விட்டார். அன்று மாலை முழுவதும் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

தூக்கிய நாள் காலை தெருவே கூடிவிட்டது. மனைவி மாடி அறையை விட்டு இறங்க மறுத்தாள். "என் வீடு ஏறும்போது நான் ஏன் கீழ நிக்கணும்?" மேஸ்திரி, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, இருக்கட்டும் சார்," என்றார். அவள் ஒரு டம்ளர் நிறையக் காபி கலந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

விசில் அடித்தது. முப்பது பேர் ஒரே சமயத்தில் கம்பியைக் கால் சுற்று திருப்பினார்கள். நிறுத்தம். நகர்ந்து அடுத்த ஜாக்கி. மறுபடி விசில். எங்கோ ஒரு சுவர் முனகியது. நான் சுவரில் போட்டிருந்த பென்சில் கோட்டையும், அதற்கு நேராக வெளியே இரு கம்பங்களில் கட்டியிருந்த கயிற்றையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கயிற்றுக்கு மேலே போனது! ஒரு நூல் அளவுதான். ஆனால் இருபத்தெட்டு வருடமாக இறங்கிக்கொண்டே இருந்த வீடு முதல் முறையாக ஏறுகிறது. நான் கத்தியிருக்க வேண்டும். எதிர் வீட்டு டீச்சர் தன் பால்கனியிலிருந்து, "சார், அமைதி, அமைதி! நீங்க கத்தி வீடு விழுந்துடப் போகுது!" என்றார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றும் தெருவை வகுப்பாகவே நடத்துபவர் அவர்.

"காபி சிந்திச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"குடிச்சாச்சு," என்றாள்.

பதினோரு நாளில் நான்கு அடி. ஆவணியில் அடிச்சுவர், புரட்டாசியில் மண்ணும் தரையும். ஒவ்வொரு பட்டையும் குறித்த நாளில் முடிந்தது. ஐப்பசி பிறந்தபோது என் தாளில் மிச்சம் இருந்தது வெள்ளையடிப்பது மட்டும்தான். நாங்கள் ஒரு சாரப் பலகையைச் சாய்த்து வைத்து அதன்மேல் நடந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

மழை அந்த வாரம் பிடித்தது. மூன்றாம் நாள் காலை, மழை சற்று விட்டதும் காய்கறி வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் ஏரி தெருவுக்கு வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் காலை இழுத்து நடந்து வீட்டு வாசலுக்கு வந்தேன். வீடு தண்ணீருக்கு மேல், ஒரு சொட்டுப் படாமல், கோபுரம் போல நின்றது. பலகையைக் காணவில்லை. டீச்சர் வீட்டுக் கேட்டில் முட்டிக்கொண்டு மிதந்தது.

வாசலின் நிலைப்படி என் மார்பளவில் இருந்தது. அறுபத்தொன்பது வயதில் மார்பளவு ஏற முடியாது. அப்போதுதான் மேஸ்திரி "முன்னால" என்று எதைச் சொல்ல வந்தார் என்பது எனக்குப் புரிந்தது. படிக்கட்டு. வீட்டுக்கு வெளியே உள்ள வேலை. இரண்டாம் பக்கம்.

"சார்! வீடு தப்பிச்சுது, நீங்கதான் முழுகறீங்க!" என்றார் டீச்சர், பால்கனியிலிருந்து.

மனைவி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். முதலில் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டாம் பக்கத்துல நீங்களும் இருக்கீங்களா?"

உள்ளே போய், அடுக்களை இரும்பு ஸ்டூலை இழுத்து வந்து தண்ணீரில் இறக்கினாள். அதன்மேல் ஏறி, அவள் கையைப் பிடித்து, முழங்காலால் தவழ்ந்து என் சொந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

கரண்ட் இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் தன் மூலையில், தரையில், தன் காலிலேயே நின்றது. புதுத் தரை காய்ந்து கிடந்தது, நான் நின்ற இடத்தைத் தவிர. என் பேண்டிலிருந்து வழிந்து ஒரு சிறு குளம் தேங்கியிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள்.

"ஹாலுக்குள்ள தண்ணி வந்துடுச்சு," என்றாள்.

அவள் மாடிக்குப் போனாள். பெட்டியின் பூட்டு திறக்கும் ஓசை கேட்டது. இறங்கி வந்து என் கையில் ஒரு துண்டும் வேட்டியும் கொடுத்தாள். இரண்டிலும் அந்துருண்டை வாசனை. இரண்டும் என்னுடையவை. அந்த நீலப் பெட்டியில் என் துணியும் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"தண்ணி வடிஞ்சதும் மேஸ்திரிக்குப் போன் பண்ணுங்க," என்றாள், தரையைத் துடைத்தபடி. "ஆறு படி. கைப்பிடியோட."

அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று நான் கேட்கவில்லை.