ஈரத்துணியில் ஒரு வைத்தியம்

போன மாதம் ஒரு காலை. பல் துலக்கிக் கொப்பளித்தேன். தொட்டியில் விழுந்தது தண்ணீரல்ல... ரத்தம்!

கண்ணாடியில் பார்த்தால் ஈறு ஊதிச் சிவந்திருக்கிறது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மனைவியோ பிரசவத்துக்காக ஏரலில், தாய்வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இதை எப்படி எழுதுவது? பிறக்கப்போகும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேனா என்றுகூட ஓடியது புத்தி.

டாக்டரிடம் போனேன். ஐந்து மாதம் முன்பு என் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தந்தவர் அவர்தான்.

"என்ன சாப்பிடறீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். கஞ்சி, ரஸ்க், காய்ச்சின பால். புளிப்பு, காரம், காய், கீரை — எதையும் தொடலை."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏன்யா, நான் ரெண்டு வாரத்துக்குத்தானே சொன்னேன்!"

அன்றைக்கு அது என் காதில் விழவேயில்லை. பத்தியம் என்றதும் பயந்துபோய், எத்தனை நாளைக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பயந்தவனுக்குக் காது பாதிதான் கேட்கும் போலிருக்கிறது.

வியாதியின் பெயர் ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாததால் வருவது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்களை வாட்டியதாம். துறைமுக ஆபீஸில் டைப் அடிக்கிற எனக்கு, கப்பல் ஏறாமலே வந்துவிட்டது! உலக யுத்தம் நடப்பதால் வைட்டமின் மாத்திரைக்கு வரத்தில்லை. எலுமிச்சைச் சாறு குடித்துப் பார்த்தேன். வயிறு பற்றி எரிந்தது. சுருண்டு படுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் எட்டிப் பார்த்தார். அவர் கணவர் கடலில் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். என் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படிக் கெடக்கீய அண்ணாச்சி? நடுக்கடல்ல எலுமிச்சம்பழத்துக்கு எங்கன போவ? எங்க வீட்டுக்காரரு தோணியில பாசிப்பயறு கொண்டு போவாரு. ஊறவச்சு, ஈரத்துணியில கட்டித் தொங்கவிட்டா மொளைச்சுரும். அதத்தான் திம்பாவ. வயித்துக்கும் ஒண்ணும் செய்யாது."

கையோடு ஒரு முடிச்சும் கட்டித் தந்தார். மூன்றாம் நாள் அவிழ்த்தால், பயறு பயறாக வெள்ளை வால்!

டாக்டரிடம் ஓடினேன். "தாராளமா சாப்பிடுங்க. லேசா ஆவி காட்டினாப் போதும். ரொம்ப வேகவெச்சா வைட்டமின் போயிடும்" என்றார்.

"அந்த வைட்டமின் எங்கேயிருந்து சார் வந்தது? காய்ந்த பயறில் இருந்ததா?"

"அதில் அநேகமா கிடையாது. தண்ணி பட்டதும் பயறுக்குள்ளே என்சைம்கள் வேலையை ஆரம்பிக்கும். இருக்கிற சர்க்கரையைப் படிப்படியா மாத்தி வைட்டமின் சி-யா ஆக்கிடும். எப்படின்னு விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுசாப் பிடிபடலை. நம்ம உடம்புக்கு அந்த வித்தை தெரியாது."

யோசித்துப் பாருங்கள். ஒரு பயறுக்குத் தெரிந்தது, இங்கிலீஷ் படித்த என் உடம்புக்குத் தெரியவில்லை!

தினம் இரு வேளை ஒரு கிண்ணம். பத்து நாளில் ரத்தம் நின்றது. நீலத் திட்டுகள் மஞ்சளாகி மறைந்தன. போன ஞாயிறு ஏரலுக்குப் போய், பிறந்து ஆறே நாளான மகளை மடியில் வாங்கிக்கொண்டேன். எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது.

திரும்பி வந்ததும் மரியபுஷ்பத்திடம் நன்றி சொல்லி, என்சைம், சர்க்கரை, வைட்டமின் என்று கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது பேரு என்னவாவும் இருக்கட்டும் அண்ணாச்சி. தெனமும் ரெண்டு நேரம் தண்ணியில அலசிக் கட்டுங்க... இல்லாட்டி நாறிப்போவும்!"